ட்றிபேர்க்கின் சிவப்புக் கோட்டு: வாடகையா, வெட்டித் திருத்துவதா, புதிதாகத் தைப்பதா?

ஆவணியில் எங்கள் குழு, வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனின் நாடகத்தை மூன்று இரவு போடுகிறது. பாட்டும் ஆட்டமும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் பொறுப்பு. உடுப்பும், திரைக்குப் பின்னால் நடக்கிற வேலை முழுக்கவும் என் தலையில். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவள், இப்போது புதுக்குடியிருப்பில் ஒரு தையல்கடையில் வேலை பழகுகிறவள், வேறு ஆள் தேட வேண்டுமா என்று ஒப்படைத்துவிட்டார்கள். மற்ற உடுப்புகளுக்கு ஏதோ ஒரு வழி பிடிபட்டுவிட்டது. ஒன்று மட்டும் மூன்று கிழமையாக இழுபட்டது: வெள்ளைக்காரக் கப்டனின் சிவப்புக் கோட்டு.

கோட்டுக்கு ஒரு வருடம் இருப்பதுதான் தலையிடி. முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்தது 1803. அதே வருடம் ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்றிபேர்க்கிடம் தோற்றதைச் சொல்லும் கல் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாடகம் பார்க்க வருகிற சனத்தில் பாதிப் பேர் அந்தக் கல்லைக் கண்டவர்கள். "அந்தக் காலத்து உடுப்பு" என்று பொதுவாக எதையாவது மாட்டிவிட்டுத் தப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் முடிவெடுக்க உதவியது வரலாறு இல்லை. போனில் பார்த்த ஒரு நேரக் கணக்கு. கப்டனாக வருகிறவர் ஓட்டோ ஓடுகிற ஓர் அண்ணை. ஆள் குறைவு, ஆகவே இரண்டாம் காட்சியில் அவரே ஊரவராகச் சாரத்தோடு வந்து மண்வெட்டி பிடிக்கிறார். மூன்றாம் காட்சி தொடங்கும்போது கப்டனாக நிற்க வேண்டும். நடுவில் இருப்பது ஒரு பாட்டு மட்டும்: 1 நிமிடம் 50 செக்கன். முன்வரிசையில் இருந்து பார்ப்பவருக்கு எந்த வழியில் வந்த கோட்டும் சிவப்புக் கோட்டுத்தான். பின்னால், இரண்டு தறப்பாளுக்கும் ஒரு பல்புக்கும் நடுவில் நின்று அதை ஒருவருக்கு மாட்டிவிடுகிற எனக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் வாடகை. யாழ்ப்பாணத்தில் நாடக உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் பஸ் ஏறினால் பரந்தன், ஆனையிறவு தாண்டி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, பொழுதுபடப் பெரிய பையோடு திரும்பலாம். வேலை மிச்சம், யோசனை மிச்சம். கிடைப்பது சட்டின் துணியில் தைத்து, தங்கச் சரிகை ஒட்டி, முன்பக்கம் வெல்க்ரோ போட்ட ஒரு கோட்டு. எவருக்கும் கொள்ளட்டும் என்று தொளதொளவென வெட்டியிருப்பார்கள். அதே கோட்டு ஒரு கிழமை ஏரோது, மறு கிழமை கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட துரை. அதில் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களின் பிழைப்பு அப்படித்தான் ஓடும்.

போன வருடம் வேறொரு நாடகத்துக்கு அப்படி ஒன்றை எடுத்தோம். துரை வாளை உயர்த்தி "சுடு!" என்று கத்த வேண்டிய இடம். கை மேலே போனதும் கோட்டு முழுவதும் கையோடு சேர்ந்து மேலே போனது. வெல்க்ரோ "கிர்ர்" என்று பிரிந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது வேறு. உள்ளே போட்டிருந்த நீலக் கிரிக்கெற் பெனியனைக் கண்டு பின்வரிசைப் பொடியள் விசில் அடித்தார்கள். அன்றிரவு முழுக்க வெல்க்ரோவைத் திட்டினேன். குற்றவாளி அது இல்லை என்று பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாடகைக்கு எடுத்த உடுப்பில் இன்னொரு சங்கடம், அதில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. குறுக்க வேண்டுமானால் ஊக்கு, நீட்ட வேண்டுமானால் ஒன்றுமே செய்ய முடியாது. முந்தின ஆளின் வியர்வை கொலரில் இருக்கும், கழுவினால் சரிகை கறுக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பண்டாரவன்னியனுக்கு மட்டும் வாடகை உடுப்புத்தான் என்று முதல் நாளே முடிவெடுத்தேன். எங்கள் சனத்தின் கண்ணில் வன்னியனுக்கு ஓர் உருவம் இருக்கிறது. கூத்தும் மேடையும் வவுனியாவில் நிற்கிற சிலையும் சேர்ந்து செய்த உருவம் அது. கிரீடம், புயக்கிரீடம், மார்புப் பதக்கம், மினுங்குகிற சால்வை இல்லாமல் ஒரு வேட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினால், "ராசா எப்ப வருவார்?" என்று முன்னுக்கிருக்கிற ஆச்சிமார் கேட்பார்கள். அவருக்கு இடையில் உடுப்பு மாற்றமும் இல்லை. மேக்கப் முடித்து ஆறு மணிக்கு மாட்டினால் விடியும்வரை அதுதான். அவருக்கு வாடகை உடுப்பு ஒரு குறையும் வைக்காது. ஒரே மேடையில் ஓர் ஆளைக் கூத்து முறையிலும் எதிராளியைக் காலத்து முறையிலும் உடுத்துவதா என்று அண்ணாவியார் ஒருமுறை முகம் சுளித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மேடைக்கு அந்நியமான ஆள் கப்டன்தானே.

இரண்டாவது வழி, இருப்பதை வெட்டித் திருத்துவது. இங்கே பழைய கோட்டு என்றால் இரண்டு வகை: கலியாணக் கோட்டு, பள்ளிக்கூட பாண்ட் கோட்டு. பாண்ட் கோட்டு ஏற்கனவே சிவப்பு, நெஞ்சில் வெள்ளைப் பட்டி, தோளில் குஞ்சம். பார்த்தவுடன் பாதி வேலை முடிந்தது போல இருக்கும். முடியவில்லை. பெரிய துணியைச் சின்னதாக்கலாம், இல்லாத துணியைக் கொண்டுவர முடியாது. இன்றைய கோட்டில் முதுகு அகலம், கைக்குழி பெரிது, பக்கத் தையல் அக்குளுக்கு நேர் கீழே. 1803 கோட்டுக்கு இவை மூன்றும் வேறு இடத்தில் வேண்டும். கைக்குழி ஏற்கனவே கீழே இறங்கி வெட்டுப்பட்டுவிட்டதென்றால் அதை மேலே ஏற்ற அங்கே துணி கிடையாது. ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும். போதாததற்கு அது பள்ளிக்கூடச் சொத்து. விளையாட்டுப் போட்டிக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஆனால் பின்னால் நிற்கிற நான்கு சிப்பாய்களுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. வெட்டாமல், குஞ்சத்தைக் கழற்றிக் கடுதாசி உறையில் போட்டு எழுதி வைத்துவிட்டு, இரண்டு அங்குல வெள்ளை நாடாவை நெஞ்சில் குறுக்கே எக்ஸ் மாதிரிப் போட்டு நூலோட்டம் ஓட்டினால் போதும். நாடகம் முடிய நூலை இழுத்தால் கோட்டு பழையபடி பள்ளிக்கூடத்துக்கு. சிப்பாய்க்கு இவ்வளவு காணும். நிற்பான், சுடுவான், விழுவான்.

இனிப் புதிதாகத் தைப்பது. இதைச் சொன்னதும் கடை மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மூண்டு இரவுக்கு ஒரு கோட்டோ பிள்ளை?" நாற்பது வருடம் காற்சட்டையும் பள்ளிக்கூட யூனிபோமும் வெட்டினவர். அவருக்குக் கணக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறொன்று. லண்டனில் இருக்கிற விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய உடுப்புகளின் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. 1700களின் கடைசியிலும் 1800களின் தொடக்கத்திலும் ஆண்கள் போட்ட கோட்டுகளை இரவிரவாகப் போனில் பெருப்பித்துப் பார்த்தேன். முதுகைக் கண்டு திகைத்துப் போனேன். இரண்டு கை அகலம் கூட இல்லை. கைக்குழியின் பின்விளிம்பிலிருந்து ஒரு தையல் வளைந்து இடுப்புக்கு இறங்குகிறது. அதாவது நாங்கள் பக்கத்தில் வைக்கிற தையலை அவர்கள் முதுகிலேயே வைத்திருக்கிறார்கள். தோள் தையலும் தோளுக்கு மேலே இல்லாமல் பின்னுக்குச் சரிந்து கிடக்கிறது. கை இரண்டு துண்டு, முழங்கையில் மடங்கினபடியே வெட்டியது. கைக்குழி மிகச் சின்னது, அக்குளுக்குள் ஏறி நிற்கிறது. தாளில் கீறிக் காட்டினேன். "ஆளுக்குக் கை வேண்டாமோ?" என்றார் மாஸ்டர்.

பழைய பெட்சீற்றில் மாதிரி ஒன்று வெட்டினேன். முதலாவது பிழைத்தது, கை உள்ளேயே போகவில்லை. இரண்டாவதை ஓட்டுத்தையலில் மட்டும் பிடித்து, சவாரி இல்லாத நேரம் ஓட்டோ அண்ணையைக் கடைக்குக் கூப்பிட்டுப் போட வைத்தேன். அவர் நாள் முழுக்க ஹாண்டிலுக்கு மேல் குனிந்திருக்கிற மனிசன், தோள் முன்னுக்கு விழுந்திருக்கும். அந்த ஒடுங்கிய முதுகு இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்தது. நெஞ்சு தானாக முன்னே வந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, ஆரோ முதுகில கைவைச்சுத் தள்ளுற மாதிரிக் கிடக்கு" என்றார். துரையாக எப்படி நிற்பது என்று அண்ணாவியார் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்ததை ஒரு பழைய பெட்சீற் செய்துவிட்டது.

பிறகு கையை உயர்த்தச் சொன்னேன். மாஸ்டர் நாடாவோடு பக்கத்தில் வந்தார். கடையில் தொங்கிய சாதாரணக் கோட்டைப் போட்டுக் கை உயர்த்தியபோது கீழ்விளிம்பு நாலு அங்குலம் ஏறியது. என் மாதிரியில் அரை அங்குலம் கூட இல்லை. போன வருடத்து வெல்க்ரோ பிரிந்த காரணம் அங்கே பிடிபட்டது. கைக்குழி பெரிதாக இருந்தால் கை வசதியாக அசையும் என்று நாங்கள் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கை உயரும்போது கோட்டின் பக்கத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. குழி தோள்மூட்டுக்குக் கிட்ட இருந்தால் கை மட்டும் போகும், உடம்புத்துணி இருந்த இடத்திலேயே இருக்கும். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் அளந்தார்.

துணி விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அசல் கோட்டு தடித்த கம்பளித் துணி. நெய்தபின் ஊறவைத்து அடித்து இறுக்கியிருப்பார்கள், அதனால் விளிம்பு நூல் பிரியாது, மடிக்காமல் வெட்டியபடியே விடலாம். அந்தத் துணி இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் ஆவணி வெக்கையில் அதைப் போட்டு நிற்கிறவரை மேடையில் இருந்து தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தடித்த பருத்தி ட்றில், 58 அங்குல அகலத்தில் 3 யார், கிளிநொச்சியில் வாங்கலாம். பருத்தி நூல் பிரியும், ஆகவே விளிம்பை உள்ளே மடித்து அயன் பண்ணித் தட்டையாக்க வேண்டும். லைனிங் நெஞ்சுக்கும் வாலுக்கும் மட்டும். முதுகுக்குப் போட்டால் வியர்வை போக வழியில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆங்கிலப் படையில் அதிகாரியின் சிவப்பும் சிப்பாயின் சிவப்பும் ஒன்றில்லை. அதிகாரிக்குக் கொச்சினீல் பூச்சிச் சாயத்தில் தோய்த்த பளிச்சென்ற சிவப்பு, சிப்பாய்க்கு மஞ்சிட்டி வேரில் தோய்த்த செங்கல் சிவப்பு. மன்னார், வன்னிப் பக்கத்து மண்ணில் கிண்டியெடுத்த சாயவேரும் சிவப்புக்குத்தான், ஒல்லாந்தர் அதைத் தங்கள் கைக்குள் வைத்திருந்து வியாபாரம் செய்தார்கள். அந்த யோசனையில்தான் வன்னியனின் சால்வைக்கு மங்கின காவிச்சிவப்பையும் கப்டனுக்குக் கண்ணைக் குத்துகிற சிவப்பையும் வைத்தேன். வாடகைச் சட்டின் எந்தச் சிவப்பானாலும் எல்இடி வெளிச்சத்தில் ஒரே மாதிரித் தகதகவென்று அடிக்கும், இந்த வித்தியாசம் செத்துவிடும்.

மெசினில் தைப்பதா, கையால் தைப்பதா என்று கேட்டால், 1803 இல் தையல் மெசின் இல்லை. சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை எடுத்ததே 1851 இல். சுத்தம் பார்க்கிறவர்கள் முழுக்கக் கையால் தைப்பார்கள். நான் உள்ளே மறைகிற நீளத் தையல்களை மெசினில் ஓட்டி, கொலர், கைமடிப்பு, முன்விளிம்பு மட்டும் கையால். மேடைக்கும் முன்வரிசைக்கும் இடையில் பத்து அடி. அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவது விளிம்பு மட்டும்தான். தையலுக்கு உள்ளே விடுகிற துணியிலும் கடைப் பழக்கத்தை விட்டுவிட்டேன். முதுகின் நடுவிலும் வளைந்த தையல்களிலும் ஒன்றேகால் அங்குலம். அடுத்த வருடம் வேறொரு கப்டன், வேறொரு வயிறு.

ஆனால் தைப்பதன் பக்கம் என்னைச் சாய்த்தது அந்த 1 நிமிடம் 50 செக்கன். சொந்தக் கோட்டு என்றால் உள்ளே என்னவும் பொருத்தலாம். கப்டனுக்கு உள்ளே வெள்ளை வெயிஸ்கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணி வேண்டும். அவற்றைத் தனித்தனியாக மாட்டினால் பாட்டு முடிந்துவிடும். ஆகவே வெயிஸ்கோட்டின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி, ஒரு பக்கம் கோட்டின் உள்ளேயே தைத்துவிட்டு, கழுத்துத் துணியையும் அதோடு சேர்த்தேன். வெளியே தெரிகிற தெறி எல்லாம் பொய்த்தெறி, திறக்காது. உண்மையில் பூட்டுவது நெஞ்சில் மூன்று பெரிய காற்சட்டைக் கொளுக்கி. அந்தக் காலத்துக் கோட்டையும் நெஞ்சில் கொளுக்கியால் பூட்டியிருக்கிறார்கள் என்பது வாய்த்துப் போனது. இருட்டில் விரலால் தடவியே பூட்டலாம், சத்தம் வராது. வெள்ளைக் காற்சட்டை இரண்டாம் காட்சியிலேயே சாரத்துக்கு உள்ளே. சாரத்தை அவிழ்த்துவிட்டு, சப்பாத்துக்குள் கால், கோட்டுக்குள் கை, மூன்று கொளுக்கி, இடுப்பில் கருஞ்சிவப்புப் பட்டி, தொப்பி. பெட்சீற் மாதிரியோடு ஒத்திகை பார்த்தோம்: 1 நிமிடம் 5 செக்கன். இடுப்புப் பட்டி அம்மாவின் பழைய சீலையில் கிழித்தது. ஆங்கில அதிகாரிகள் கட்டியது அந்த நிறப் பட்டுத்தான், அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அக்குளுக்கு இரண்டு பிறைவடிவத் துணிமெத்தை, பிரஸ் பட்டனில். காட்சி முடியக் கழற்றிக் கழுவி மறுநாள் மாட்டலாம், கோட்டைக் கழுவ வேண்டியதில்லை. வாடகைக் கோட்டிலும் பாண்ட் கோட்டிலும் இதைப் பொருத்த வழியே இல்லை.

மேடைக்குப் பின்னால் நான் வைத்திருக்கிற ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும், மூன்று வழியில் எதை எடுத்தாலும் அது இல்லாமல் ஆகாது. ஒரு கயிறு, அதில் காட்சி ஒழுங்கில் உடுப்பு, ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர் எழுதிய துண்டு. கீழே பாய், அதில் சப்பாத்து வாய் திறந்தபடி. சோளகக் காற்று புழுதியை வாரி வருவதால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழைய சீலை மூடி. என் சட்டையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு நூல் கோத்த மூன்று ஊசி. இருட்டில் ஊசி கோக்க முயன்றவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

காசுக் கணக்கை மறைக்கக் கூடாது. முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், கிளிநொச்சி என்று மூன்று இரவு வாடகையும் இரண்டு முறை யாழ்ப்பாணப் பஸ் செலவும் சேர்ந்தால் துணிக்காசு வந்துவிடும். ஆனால் பின்னேரங்களில் நாற்பது மணித்தியாலம் போகும், அதற்கு எவரும் கூலி தரப் போவதில்லை. என் கூலியையும் போட்டுப் பார்த்தால் வாடகைதான் மலிவு, சந்தேகமே இல்லை. பழகுகிறவள் என்பதால்தான் எனக்குக் கட்டுகிறது. நாடகம் ஒரே இரவு என்றாலோ, கையில் பத்து நாள்தான் இருக்கிறது என்றாலோ, கப்டனுக்கு வேறு வேடம் இல்லை என்றாலோ நானே பஸ் ஏறியிருப்பேன். அப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று: கோட்டை வாங்க முன் கடையிலேயே போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். விளிம்பு ஏறினால் அடுத்ததைக் கேளுங்கள். கொலருக்குள் வைக்க வெள்ளைத் துணிப்பட்டி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வெல்க்ரோவை நம்பாமல் மேடையேற முன் இரண்டு இடத்தில் நூலால் பிடித்துவிடுங்கள், முடிய வெட்டிவிடலாம்.

ஆக, வன்னியனுக்கு வாடகை, சிப்பாய்களுக்கு இரவல் பாண்ட் கோட்டு, கப்டனுக்கு மட்டும் தையல். துணி வெட்டியாகிவிட்டது. நேற்று நான் கொலருக்குக் கன்வஸ் ஒரு அடுக்கு வைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து பார்த்தார். "ரெண்டு பட்டு வை பிள்ளை. வியர்வையில தொங்கிப் போயிடும்" என்றுவிட்டு, தன் மேசையிலிருந்த மீதிக் கன்வஸைத் தள்ளிவிட்டார்.

தெறிதான் இன்னும் கிடக்கிறது. முன்னுக்குப் பக்கத்துக்கு எட்டு, வாலில் இரண்டு, இரண்டு கைமடிப்பிலும் சேர்த்து ஆறு: எல்லாமாக 24 வேண்டும், தட்டையான பித்தளை நிறம். பழைய உடுப்புகளில் வெட்டியெடுத்ததில் இதுவரை 11 சேர்ந்திருக்கிறது, அதில் இரண்டில் நங்கூரம் அடித்திருக்கிறது. நங்கூரம் போட்ட இரண்டையும் வாலில் வைக்கப் போகிறேன்.